எட்டாம் வகுப்பில் நான் நடத்தாமல் விட்ட பாடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். கல்யாணமாகி இரண்டு மூன்று வருடமாகியும் குழந்தை இல்லாமல் மனசு நொந்திருப்பவர்களும், அவர்களைப் பார்க்கும் இடத்திலெல்லாம் "என்ன, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கும் பெரியவர்களும் கடைசிவரை படிக்க வேண்டும். இந்த வயசில் வாத்தியார் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். பரவாயில்லை, சுளித்துக்கொண்டே படியுங்கள்.

போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது என் பழைய மாணவன் ஒருவன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "சார், ஒரு அஞ்சு நிமிஷம் பேசோணுங்க." மண்டபத்துக்கு வெளியே போய் நின்றோம். ஐந்து நிமிஷம் என்றவன் ஒரு மணி நேரம் பேசினான். முடிக்கும்போது, "நீங்க ஃபேஸ்புக்ல எழுதுறீங்கல்ல, இதையும் எழுதுங்க சார். பேரு மட்டும் வேண்டாங்க" என்றான். அவன் மனைவியும் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

அவனும் அவளும் என்னிடம் படித்தவர்கள்தான். இருவருடைய அம்மாக்களும் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். வால்பாறையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் திருப்பூருக்கு இறங்கின மாதிரி இவர்களும் இறங்கினார்கள். அவன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அவள் செக்கிங். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை.

இந்த ஆறு வருடத்தில் அந்தப் பெண் பட்ட பாட்டை அவன் வாயாலேயே சொன்னான். எண்ண முடியாத அளவுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே. ஒரு தடவை வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பி. மாத்திரைகள், ஊசிகள், செவ்வாய் வெள்ளி விரதம், ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் வேண்டுதல். வீட்டில் மாமியாரின் ஜாடைப் பேச்சு வேறு. கடைசி ஒரு வருடமாக மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்ற பேச்சும் எழுந்திருக்கிறது.

அவனுக்கு என்ன பரிசோதனை நடந்தது? ஒன்றும் இல்லை. மூன்றாவது வருடம் ஒரு டாக்டர் விந்துப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். "அந்தச் சீட்டு சட்டைப் பையிலயே துவைச்சுப் போச்சுங்க சார்" என்று சொல்லிவிட்டு, "நாந்தான் எடுக்காம விட்டேன்" என்றான்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பொங்கலுக்கு இருவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மிணி, நல்ல லேடி டாக்டராப் பாரு, உடம்பைக் கவனி" என்று புத்தி சொன்னேன். அவனிடம் கம்பெனியில் சம்பளம் எப்படி என்று கேட்டேன். பரிசோதனைக்கு அவன் போனானா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அறிவியல் பாடம் நடத்திய வாத்தியாருக்கே தோன்றவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு டாக்டர், "கணவருக்குப் பரிசோதனை முடியாமல் இந்தப் பெண்ணுக்கு இனி ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் போனான். விந்தணு எண்ணிக்கையும் குறைவு, அசைவும் குறைவு. யூராலஜி டாக்டர் அவனை நிற்க வைத்துக் கையால் தொட்டுப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: இடது பக்கம் வெரிகோசீல்.

அவன் அடுத்துச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "சார், அது பதினாறு பதினேழு வயசுலயே இருந்துச்சுங்க. இடது பக்கம் மண்புழு சுருண்ட மாதிரி கையில தட்டுப்படும். நாள் பூரா நின்னா சாயங்காலம் இழுக்கிற மாதிரி வலிக்கும். யார்கிட்டக் கேக்குறதுன்னு தெரியலை. ஏதோ தப்புப் பண்ணினதுக்கு வந்த நோய்னு நெனச்சுட்டேன்."

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் உண்டு. நான் அதை ஒரு வருடமும் ஒழுங்காக நடத்தியதில்லை. "இது ஈசியான பாடம், வீட்டுல படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிடுவேன். பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள், முன்வரிசைப் பெண்கள் தலை குனிவார்கள், எனக்கும் வேர்க்கும். அந்தப் பாடத்தில் வெரிகோசீல் என்ற வார்த்தை இல்லைதான். ஆனால் அதை நேராக நடத்தியிருந்தால், உடம்பில் ஒன்று புரியாவிட்டால் சாரிடம் கேட்கலாம் என்ற தைரியமாவது அந்தப் பையனுக்கு வந்திருக்கும். அந்தப் பாடத்தை இன்றைக்கு நடத்துகிறேன். டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

விதைகள் ஏன் உடம்புக்கு வெளியே ஒரு பையில் தொங்குகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? விந்தணு உருவாக உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான சூடு வேண்டும். நம் மலையில் தழைக்கிற தேயிலையைக் கீழே பொள்ளாச்சிக் காட்டில் நட்டால் அதே மாதிரி கொழுந்து விடுமா? அதுபோலத்தான். அதற்கென்று ஒரு குளிர்ச்சி தேவை.

விதைக்கு வந்த ரத்தம் திரும்ப மேலே போக மெல்லிய ரத்தக் குழாய்கள் கொத்தாக இருக்கின்றன. ரத்தம் கீழே இறங்கிவிடாமல் தடுக்க அந்த வழியில் சின்னச் சின்ன வால்வுகள். தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு பழுதானால் என்ன ஆகும்? ஏற்றின தண்ணீர் மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கிவிடும். இங்கேயும் வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் கீழே தேங்கும். குழாய்கள் வீங்கிச் சுருளும். காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது என்கிறோமே, அதே கதை விதைப்பைக்குள் நடக்கிறது. இதுதான் வெரிகோசீல். ரத்தம் தேங்கினால் சூடு ஏறும், கழிவுகளும் சேரும், விந்தணு உற்பத்தி பாதிக்கப்படும்.

பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும். வலது பக்கக் குழாய் நேராக உடம்பின் பெரிய சிரையில் சாய்வாகப் போய்ச் சேருகிறது. இடது பக்கக் குழாய் இன்னும் நீளம். அது மேலே சிறுநீரகத்தின் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது. ஏற்றம் அதிகமான பக்கம் தேக்கமும் அதிகம்.

இது அபூர்வ நோய் இல்லை. ஆண்களில் 100-க்கு 15 பேருக்கு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை பிறக்கத்தான் செய்கிறது. ஆனால் குழந்தையின்மைக்காகப் பரிசோதனைக்கு வரும் ஆண்களைப் பார்த்தால் 100-க்கு 35 முதல் 40 பேருக்கு வெரிகோசீல் இருக்கிறது. ஆணின் குழந்தையின்மைக்கான காரணங்களில் சரிசெய்யக்கூடியவற்றில் இதுவே முதலிடம். புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. விதையைச் சுற்றி ரத்தக் குழாய் புடைப்பதை முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய ஆசிரியர் செல்சஸ் எழுதி வைத்தார். விந்தணுவே இல்லாத ஒருவருக்கு இந்தக் குழாய்களைக் கட்டிய பிறகு குழந்தை உண்டானதை 1950-களில் எடின்பரோவின் டாக்டர் டல்லாக் வெளியிட்டார். உலகம் அப்போதிருந்து இதைக் கவனிக்கிறது. நம் வீடுகளில்தான் இன்னும் பேச்சில்லை.

நம் பையன்களில் சிலருக்கு இந்த வார்த்தை முதன்முதலில் காதில் விழுவது ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில். ஓட்டத்தில் ஜெயித்து மெடிக்கலில் இதற்காக நிறுத்தப்படுவார்கள். என் மாணவன் ஒருவனுக்கு அப்படி நடந்தது. வீட்டில் உயரம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டான். நோயின் பெயரைச் சொல்வதைவிடக் குள்ளன் என்று சொல்லிக்கொள்வது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

சரி, பரிசோதனை எப்படி? முதலில் டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பது. நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்வார். அவ்வளவுதான், வலி கிடையாது. சந்தேகம் இருந்தால் ஸ்கேன். கூடவே விந்துப் பரிசோதனை. அதற்கு முன் 2 முதல் 7 நாள் தாம்பத்தியம் இல்லாமல் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுப்படி ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுவும், 100-க்கு 42 அசைவோடும் இருப்பது கீழ் எல்லை. அதற்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தம் இல்லை, வாய்ப்பு குறைவு என்று அர்த்தம். ஒரே ரிப்போர்ட்டை வைத்தும் முடிவு கட்டக் கூடாது. முந்தைய இரண்டு மூன்று மாதத்தில் நல்ல காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை இறங்கும். குறைவாக வந்தால் சில வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். கூச்சப்பட்டு வீட்டிலேயே எடுத்து, டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு 40 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சி போய்ச் சேருவதற்குள் அணுக்களின் அசைவு குறைந்திருக்கும். ரிப்போர்ட் தப்பாகத்தான் வரும். லேபிலேயே அதற்குத் தனி அறை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இப்போது வைத்தியம். வெரிகோசீல் என்று எழுதிவிட்டாலே ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. கைக்குத் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்னப் புடைப்புக்கு ஆபரேஷன் பயன் தராது என்பது டாக்டர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட வழிமுறை. விந்துப் பரிசோதனை சரியாக இருந்து வலியும் இல்லை என்றால் சும்மா விடலாம். கையில் தட்டுப்பட்டு, விந்தணுவும் குறைந்து, குழந்தையும் தள்ளிப்போகிறது என்றால்தான் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும். வளரும் பையன்களுக்கு ஒரு பக்க விதை வளராமல் சின்னதாகவே நின்றால் காட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: வலது பக்கம் மட்டும் திடீரென்று வந்தாலோ, படுத்தாலும் புடைப்பு வடியாமல் இருந்தாலோ தாமதிக்காதீர்கள். வயிற்றுக்குள் வேறு ஏதாவது அந்தக் குழாயை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

ஆபரேஷன் பெரிதல்ல. அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் சின்னதாகக் கீறி, மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து, வீங்கின குழாய்களை மட்டும் கட்டிவிடுவார்கள். ரத்தம் நல்ல குழாய்கள் வழியாகத் திரும்பும். அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வரலாம். சில வாரம் பளு தூக்கக் கூடாது. கீறாமல், மெல்லிய டியூபை உள்ளே செலுத்திக் குழாயை அடைக்கும் முறையும் இருக்கிறது. சிலருக்கு விதையைச் சுற்றி நீர் கோக்கலாம், சிலருக்குப் புடைப்பு திரும்ப வரலாம். மைக்ராஸ்கோப் வைத்துச் செய்தால் இரண்டும் குறைவு.

பலன் உடனே தெரியாது. ஒரு விந்தணு உருவாகவே 70 நாளுக்கு மேல் ஆகும். அதனால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை. பத்தில் ஆறேழு பேருக்கு எண்ணிக்கையும் அசைவும் கூடுகின்றன. அதனால் எத்தனை பேருக்குத் தானாகக் குழந்தை உண்டாகிறது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆகவே "ஆபரேஷன் பண்ணுங்க, குழந்தை கேரண்டி" என்று சொல்பவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் காத்திருக்க நேரம் குறைவு. அப்போது ஆபரேஷனா, வேறு கருத்தரிப்பு சிகிச்சையா என்று இருவரையும் உட்கார வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரியல் துறை இருக்கிறது. காசில்லை என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் போகும், அது நிஜம். அந்தப் பெண் எத்தனை நாள் கூலியை விட்டாள் என்று கணக்குப் போட்டால் இது ஒன்றுமே இல்லை.

எல்லாம் வெரிகோசீல்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். பெரிய வயசில் வந்த பொன்னுக்கு வீங்கி, புகை, குடி, சர்க்கரை என்று காரணம் பல. ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடுகிற டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். இதை இளவட்டங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்காக ஒரு பழைய சம்பவம். 1977-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லாத்ராப் என்ற ஊரில் பூச்சிமருந்து தயாரிக்கும் ஆலை. அங்கே வேலை செய்த ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான், ரொம்ப நாளாக யாருக்குமே குழந்தை பிறக்கவில்லை என்பது தெரிந்தது. பரிசோதித்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு இல்லவே இல்லை. டி.பி.சி.பி. என்ற மருந்துதான் காரணம். ஒவ்வொருவனும் தன் வீட்டில் மனைவியைக் குறை சொல்லிக்கொண்டு வாயை மூடியிருந்தால் அந்த விஷம் இன்னும் எத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கும்? நான்கு ஆண்கள் வாய் திறந்து பேசியதால் வெளியே வந்தது.

நம் ஆண்கள் ஏன் வாய் திறப்பதில்லை? ஒரு குழப்பம்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம். விந்தணு குறைவு என்றால் ஆண்மை குறைவு என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. வெரிகோசீல் உள்ள பெரும்பாலானவர்களுக்குத் தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இருக்காது. பார்வை மங்கினால் கண்ணாடி போடுகிறோம், யாரும் அவமானமாக நினைப்பதில்லை. இதுவும் அவ்வளவுதான்.

பெண் உடம்பு என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவது இயல்பு, ஆண் உடம்பு என்றால் அவமானம் என்று வைத்திருக்கிறோம். குடும்பக் கட்டுப்பாட்டையே பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு 57 பேருக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 1,000-க்கு ஒன்று. ஆணுக்குத்தான் அந்த ஆபரேஷன் சின்னது, சுலபம். குழந்தை வேண்டாம் என்றாலும் அவள் வயிறு, வேண்டும் என்றாலும் அவள் வயிறு.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது, தனியாகவோ மனைவி பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ. அப்படியிருக்க, ஆணுக்கு ஒரு நாளில் முடிகிற பரிசோதனையை ஆறு வருடம் தள்ளிப்போட்டுப் பெண்ணின் வயிற்றில் துளை போடுவது எந்த ஊர் நியாயம்? மலடி என்ற சொல்லை நாக்கு நுனியில் வைத்திருக்கிறோம். ஆணைப் பார்த்து அப்படி ஒரு சொல் நம் வாயில் வந்து நான் கேட்டதில்லை. யார் மேலும் அந்தச் சொல் வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

வேண்டுதல் வைப்பவர்களை நான் தடுக்க மாட்டேன். நானும் மாசாணியம்மனைக் கும்பிடுகிறவன்தான். போகிற வழியில் கும்பிட்டுவிட்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, அந்தப் பையன் ஆபரேஷன் செய்துகொண்டானா, குழந்தை உண்டானதா என்று கேட்பீர்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். கமென்டிலும் கேட்காதீர்கள். ஆறு வருடமாக ஊர் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் அந்தப் பெண்ணை நோகடித்தது. ஒன்று மட்டும் சொல்லலாம். ரிப்போர்ட் வந்த அன்றைக்கு ராத்திரி அவன் தன் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "கொறை எம்பக்கம்தாம்மா, இனி அவள ஒண்ணும் சொல்லாத" என்றானாம். அவன் அம்மா மறுநாள் காலையில் மருமகளுக்குத் தானே காப்பி போட்டுக் கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது அவன் அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

வாத்தியார் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடுவாரா? மூன்றே மூன்று.

கல்யாணமாகி ஒரு வருடம் முயன்றும் குழந்தை இல்லையென்றால், மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில், இருவரும் ஒரே நாளில் பரிசோதனைக்குப் போங்கள். கணவனின் விந்துப் பரிசோதனை முடியாமல் மனைவிக்குப் பெரிய பரிசோதனைகளைத் தொடங்க விடாதீர்கள்.

மகன் வைத்திருக்கிற அப்பாக்கள், அவனுக்குப் பதினாலு பதினைந்து வயசானதும் தனியாகக் கூப்பிட்டு, "அங்கே வலியோ வீக்கமோ இருந்தா எங்கிட்டச் சொல்லு கண்ணு, வெக்கப்படாதே" என்று ஒரு தடவை சொல்லிவையுங்கள். ஒரு தடவை போதும்.

விசேஷ வீடுகளில் "விசேஷம் இல்லையா?" என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

இப்போது பள்ளிக்கூடத்தில் வேலையில் இருக்கிற என் மாணவ ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தப் பாடம் வரும்போது வேர்க்கும். வேர்த்தாலும் நடத்துங்கள். நான் தாண்டிப் போனதற்கு என் பிள்ளைகளிடம் இந்தப் பதிவின் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

யாருக்காவது பயன்படும் என்றால் பகிருங்கள். பொதுவில் பேசக் கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள். நான் டாக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். எங்கே போய் யாரைப் பார்ப்பது என்று கேட்டுச் சொல்வேன். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் கூடவும் வருவேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
வால்பாறை.